ஷாவோலினும் அவனியாபுரமும்

சில தினங்களுக்கு முன் அவனியாபுரத்தில் நடந்த ஒரு சிலம்பக் கூட்டத்துக்கு நாம் போயிருந்தோம். தை முதல் நாளன்று காளைகளைத் தழுவும் வீரத்தினால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊர் அது. சீன தேசத்துக்கு யாத்திரை சென்று, ஷாவோலின் என்னும் புராதன பௌத்த மடத்தைக் கண்டு திரும்பிய வாலிபர் ஒருவர் அக்கூட்டத்திலே பேசினார். உலகமெல்லாம் வியக்கும் அம்மடத்தின் போர் வித்தை காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகிய போதிதருமர் கற்பித்தது என்றும், ஆகவே சீனர் நமது மாணாக்கரே என்றும் அவர் முழங்கினார். கரகோஷம் வானைப் பிளந்தது. மேடைக்குக் கீழே, கம்பை மடியில் கிடத்தி, முதிய சிலம்ப ஆசான் ஒருவர் மண்ணில் அமர்ந்திருந்தார். கூட்டம் கலையும் வரையில் அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாம் அக்கரகோஷத்தில் கலந்துகொள்ளவில்லை. தமிழ் அபிமானத்தில் நாம் எவருக்கும் குறைந்தவரல்லோம். ஆயினும் நியாயஸ்தலத்தில் பல்லாண்டு நின்று பழகியவராதலின், ஒரு கட்சியை ஏற்குமுன் சாட்சியம் எங்கே என்று கேட்பது நமக்கு இயல்பாகிவிட்டது. இவ்வழக்கின் சாட்சியத்தை நேயர்களும் நம்முடன் சற்றுப் பரிசீலிப்பார்களாக.

ஷாவோலின் மடம் ஹெனான் மாகாணத்தில், சோங் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. கி.பி. 495-இல் வட வேய் வமிசத்துச் சக்கரவர்த்தி ஒருவர், சீனர் பாத்துவோ என்றழைக்கும் ஓர் இந்தியத் துறவிக்காக அதை நிறுவினார். மடத்துத் துறவிகள் போரில் இறங்கியதற்குத் திடமான முதற் சான்று 621-ஆம் ஆண்டுக்குரியது. பின்னர்த் தாங் வமிசத்துச் சக்கரவர்த்தியான லீ ஷிமினுக்கு அவனுடைய பகைவனை வெல்ல அவர்கள் துணை நின்றார்கள். அதற்காக அவனிடம் நிலமானியமும் பெற்றார்கள். பரிசு பெற்ற துறவிகள் பதின்மூவரின் பெயர்களோடு இச்செய்தி 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொறிக்கப்பட்டு, இன்றும் மடத்தின் முற்றத்தில் நிற்கிறது. அங்கே செல்வோர், துறவிகளின் சமாதி ஸ்தூபிகள் 200-க்கு மேல் நிற்கும் தோப்பினையும், பழைய மண்டபமொன்றில் பயிற்சி செய்த கால்களால் குழிவிழுந்த தரையையும் காண்கிறார்கள்.

இனிப் போதிதருமரைப்பற்றிய சாட்சியம் யாது? அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய நூல் 547-ஆம் ஆண்டளவில் லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதப்பட்டது. அது அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதே நூற்றாண்டில் எழுதிய தான்லின் என்பார், அவர் தென்னிந்தியாவில் ஒரு பேரரசனின் மூன்றாம் குமாரர் என்கிறார். ஆகவே அவர் தென்னாட்டினர் என்று கொள்வதற்கு இடமுண்டு. அம்மட்டில் நாம் மகிழலாம். ஆனால் பல்லவர் என்ற பெயரை இவ்விரண்டு சாட்சிகளும் சொல்லவில்லை. அவர் எவருக்கும் போர் வித்தை கற்பித்ததாகவும் சொல்லவில்லை. ஷாவோலினோடு அவர் பெயர் சேர்க்கப்படுவதே எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

பின் இக்கதை எங்கே பிறந்தது? ‘தசைநார் மாற்று நூல்’ என்று பொருள்படும் ஒரு தேகப்பயிற்சி நூல் 1624-ஆம் வருஷத் தேதியிட்ட பின்னுரையோடு சீனத்தில் தோன்றியது. அது போதிதருமர் அருளியதென்று முன்னுரைகள் சேர்க்கப்பட்டன. அம்முன்னுரைகள் போலியென்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லிங் திங்கான் என்னும் சீனப் புலவரே கண்டு கூறினார்; இருபதாம் நூற்றாண்டில் தாங் ஹாவோ என்னும் சரித்திர ஆசிரியர் அதை மேலும் விளக்கினார். இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஷாவோலின் துறவிகள் முதன் முதலில் கீர்த்தி பெற்றது கைச்சண்டையினால் அன்று, கம்பு வீச்சினால். அக்கம்பு வித்தையை, மடத்தின் அடுக்களையில் வேலை செய்த எளியவனைப்போல் தோன்றிய ஒரு கின்னரர் அருளியதாக அத்துறவிகளே பழங்காலத்தில் சொல்லி வந்தார்கள். 1517-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று அக்கதையைக் கூறுகிறது. அதிலே போதிதருமர் ஆசானாக வரவில்லை.

சுமார் ஆயிரத்து நூறு வருஷம் பிந்திப் பிறந்த ஒரு போலி ஆவணத்தை வைத்துக்கொண்டு நாம் வழக்காடலாமா? எந்த முனிசீப்பு கோர்ட்டிலும் அது முதல் வாய்தாவிலேயே தள்ளுபடியாகும்.

"அதனால் என்ன கெடுதி? நம் ஜனங்கள் மகிழ்கிறார்கள், வாலிபர்கள் ஊக்கம் பெறுகிறார்கள்" என்று சில நண்பர்கள் நம்மைக் கேட்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்துக்குப் பிறகு இக்கேள்வி பெருகியிருக்கிறது. கெடுதி இரண்டு உண்டு.

முதலாவது, பொய்யான ஒரு கட்சியைச் சேர்த்துக் கூறினால் மெய்யான கட்சியும் சந்தேகத்துக்குள்ளாகும். அவனியாபுரத்தாருக்கு இது அனுபவத்தில் தெரிந்த விஷயம். 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் வாலிபர் லட்சக்கணக்கில் வீதியில் நின்றதும், அதன் பயனாகச் சட்டம் திருத்தப்பட்டதும் நேயர்கள் அறிவார்கள். 2023 மே 18-ஆம் தேதி ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லுமென்று தீர்ப்பளித்தபோது, குறைந்தது ஒரு நூற்றாண்டாகவேனும் இது நடந்துவருவதைத் தன் முன் வைக்கப்பட்ட ஆதாரங்களால் ஒப்புக்கொண்டது. ஈராயிரம் ஆண்டு என்று நாம் மேடையில் எவ்வளவு முழங்கினாலும், நியாயஸ்தலம் ஏற்பது ருஜுவாகும் அளவை மட்டுமே.

இரண்டாவது கெடுதி இதனினும் பெரிது. பிறர் வீட்டுப் பொருளை நமதென்று சொல்லித் திருப்தியடைந்தவன், தன் வீட்டுப் பொருள் களவு போவதைக் கவனிப்பதில்லை. பௌத்தத்தின் பெயரால் நாம் உண்மையாகவே பெருமைப்படத்தக்கவை எத்தனை! ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதும்போது நூறு சங்காராமங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும் இருந்ததாகக் குறிக்கிறார். நாளந்தாவின் தலைமை ஆசிரியராய் விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்றும் அவரே கூறுகிறார். முதலாம் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தான். அதற்கு ஆனைமங்கலம் என்னும் கிராமம் பள்ளிச்சந்தமாக விடப்பட்டது. இதற்குச் செப்பேடே சாட்சி. அந்நகரில் கடலோடிகளுக்கு அடையாளமாய் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல், ஆங்கில அரசாங்கத்தின் சம்மதத்துடன், இடித்துத் தள்ளப்பட்டது. ஷாவோலினுக்குக் கப்பலும் விமானமும் ஏறிச் செல்லும் நம்மவருள் எத்தனை பேர் நாகப்பட்டினத்தில் அக்கோபுரம் நின்ற இடத்தை விசாரித்திருக்கிறார்கள்?

சிலம்பத்தின் கதியும் அப்படியே. 1801-இல் மருது சகோதரரின் கிளர்ச்சியை அடக்கிய பின் ஆங்கிலேயர் தென் பாளையங்களில் கோட்டைகளைத் தகர்த்து, ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து விளம்பரம் செய்தனர். வாளும் வேலும் போன பின் மூங்கிற் கம்பு மிஞ்சிற்று. திருவிழாக்களில் விளையாட்டாக வேனும் அதைக் காப்பாற்றி நம்மிடம் சேர்த்தவர்கள் கிராமத்து ஆசான்மாரே. துளுக்காணம், குறவஞ்சி, நாகம் பதினாறு என்னும் வரிசைகளையும், காலடி, வீச்சு, பிடி, பூட்டு ஆகியவற்றின் நுட்பங்களையும் அவர்கள் தம் உடலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் எழுதியவர் மிகச் சிலர். ஆசானைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் செல்லும் அன்று, ஒரு புத்தகசாலை அவரோடு எரிகிறது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லையென்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 சதவிகித உத்தியோக ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஜனவரியில் நம் மாகாணத்திலேயே நடந்த கேலோ இந்தியா பந்தயங்களில் அது காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. வரவேற்கிறோம். ஆனால் பந்தயத்துக்கு வேண்டியது புள்ளி கணக்கிடக்கூடிய சில அடிகளே. ஊருக்கு ஊர் வேறுபட்ட பழைய வரிசைகளைப் பந்தயம் காப்பாற்றாது.

ஷாவோலினிடமிருந்து நாம் கற்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. 1928-இல் சீன யுத்தத் தளபதி ஒருவன் அம்மடத்துக்குத் தீ வைத்தான். மண்டபங்களும் ஏடுகளும் வெந்து சாம்பலாயின. ஆயினும் அவ்வித்தையைப்பற்றி அறிய வழி அற்றுப்போகவில்லை. முற்றத்துக் கல்வெட்டு நின்றது. அங்கே பத்து வருஷத்துக்கு மேல் பயின்ற செங் சோங்யூ என்பவர், படங்களோடு 1621-இல் அச்சிட்ட கம்பு வித்தை நூல் இருந்தது. மடம் மீண்டும் எழுந்தது; 2010-இல் அவ்வட்டாரத்துப் புராதனச் சின்னங்களோடு உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அவர்கள் எழுதி வைத்தார்கள், நாம் பேசிவருகிறோம்.

அவனியாபுரம் இப்பொழுது மதுரை மாநகராட்சியைச் சேர்ந்தது. வீட்டு மனைகள் வயல்களை விழுங்கி வரும் அப்பக்கத்தில், கம்பு சுற்ற ஒரு களம் ஒதுக்கும்படி மாநகராட்சியை நாம் கேட்கிறோம். நமது வாலிபர் சங்கங்களை வேறொன்று கேட்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஆசானிடம் இருவர் போய் உட்காருங்கள். அவர் யாரிடம் கற்றார், எந்த வரிசை, எத்தனை சுவடு, ஒவ்வொன்றுக்கும் பெயர் என்ன என்று கேட்டு எழுதுங்கள், படமெடுங்கள். அவர் அறியாததை அறிந்ததாகவோ, ஐம்பது வருஷத்து வழக்கத்தை ஐயாயிரம் வருஷமென்றோ கூட்டி எழுதாதீர்கள். உள்ளது உள்ளபடி இருந்தால் போதும்; நாளை எவரும் அதை அசைக்க முடியாது.

ஷாவோலினுக்குப் போகக்கூடியவர்கள் போய் வாருங்கள். அந்நியர் தம் வித்தையை எவ்வாறு பேணினார்கள் என்பதைப் பார்த்து வாருங்கள். திரும்பி விமானத்தை விட்டு இறங்கியதும், நகருக்குப் போகும் வழியில் அவனியாபுரத்தில் சற்று நில்லுங்கள். அந்த முதியவர் மாலை வேளைகளில் பதினொரு சிறுவர்களுக்குக் கம்பு பழக்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.