உறவுகளை விற்போரும் வாங்குவோரும்

2018 மே 19 அன்று, இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தில் இளவரசர் ஹாரிக்கும் அமெரிக்க நடிகை மேகன் மார்க்கலுக்கும் திருமணம் நடந்தது. கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்ட அவ்விழாவில், பெண்ணைப் பெற்ற குடும்பத்தின் சார்பில் அமர்ந்திருந்தவர் தாய் ஒருவரே. தந்தை வரவில்லை, தந்தையின் முதல் மணத்துப் பிள்ளைகளான அண்ணனும் அக்காளும் அழைக்கப்படவில்லை. பாதி வழி தனியே நடந்த மணப்பெண்ணை மீதி வழி அழைத்துச் சென்றவர் மணமகனின் தந்தை சார்லஸ்.

இச்செய்தி வந்தபோதும், அதன் தொடர்ச்சி இன்றுவரை வரும்போதும், நம்மில் பலர் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "மேலைநாட்டாருக்குக் குடும்பம் என்பதே கிடையாது, அல்ஹம்துலில்லாஹ், நாம் அப்படியல்ல." இந்தத் தற்பெருமையைத்தான் நாம் மறுக்கிறோம். அக்குடும்பத்தைப் பிரித்தது மேலைநாட்டுப் பண்பாடு என்பது சோம்பேறித்தனமான விடை. நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியும்.

தந்தை தாமஸ் மார்க்கல் ஹாலிவுட்டில் ஒளியமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்று மெக்சிகோவில் வாழ்ந்தவர். மருமகனாகப் போகிறவரை அவர் நேரில் சந்தித்ததுகூட இல்லை. திருமணத்துக்குச் சில நாள்களே இருக்கையில், தற்செயலாக எடுக்கப்பட்டவைபோல் வெளிவந்த அவரது படங்கள் ஒரு புகைப்படக்காரருடன் பேசிவைத்து எடுக்கப்பட்டவை என்பது அம்பலமானது. அவமானமும் இதய நோயும் சேர்ந்து அவரைப் பயணத்திலிருந்து தடுத்தன. அண்ணனோ, இப்பெண்ணை மணக்க வேண்டாம் என இளவரசருக்கு எழுதிய கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிட்டார். அக்காள் தொலைக்காட்சி தோறும் பேசினார். பின்னர் நூலும் எழுதினார். 2022இல் தங்கைமீது அவதூறு வழக்கும் தொடுத்தார்.

மகளின் தரப்பும் மௌனமாக இருக்கவில்லை. 2018 ஆகஸ்டில் அவர் தந்தைக்குத் தம் கைப்பட எழுதிய கடிதத்தைப் பற்றி, அவருடைய தோழியர் பெயர் சொல்லாமல் ஓர் இதழிடம் பேசினர். அதன்பின் தந்தை அக்கடிதத்தை நாளிதழுக்குக் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் அதன் பகுதிகள் அச்சேறின. மகள் நீதிமன்றம் சென்று 2021இல் வென்றார். அதே ஆண்டு மார்ச்சில் தம்பதியர் ஓப்ரா வின்ஃப்ரேயிடம் அரச குடும்பத்தைப் பற்றிப் பேசினர். 2023 ஜனவரியில் வெளியான ஹாரியின் தன்வரலாறு, தமையனுடனான சண்டையை உலகின் முன் விரித்தது. முதல் நாளிலேயே அந்நூல் 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது.

இவர்களுள் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. உள்ளங்களை அல்லாஹ் அறிவான். ஆனால் ஒன்று வெளிப்படை. ஒவ்வொரு மனத்தாங்கலும் உரியவரிடம் போகாமல் ஊரிடம் போனது. ஒருமுறை ஊரிடம் போன பேச்சைத் திரும்பப் பெற எவராலும் இயலவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு குடும்பம் குர்ஆனில் இருக்கிறது. யாகூப் (அலை) அவர்கள் தம் பிள்ளைகளாலேயே வஞ்சிக்கப்பட்ட தந்தை. அழுதழுது பார்வையை இழந்தவர். ஆயினும் தம் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிட்டார்கள். யூசுஃப் (அலை) அவர்கள்மீது அவர்களுடைய சகோதரர்கள் நேருக்கு நேர் திருட்டுப் பழி சுமத்தியபோது, அதைத் தம் உள்ளத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டார்கள். அதிகாரம் முழுவதும் கைக்கு வந்த நாளில் பழிப்புச் சொல் ஏதுமின்றி மன்னித்தார்கள். பின்னர் நடந்ததை நினைவுகூர்ந்தபோதும், கிணற்றில் தள்ளப்பட்ட கதையைச் சொல்லாமல், ஷைத்தான் எங்களுக்குள் பிளவை உண்டாக்கினான் என்ற பொருளில் பேசி, சகோதரர்களின் மானத்தைக் காத்தார்கள்.

"அப்படியானால் பாதிக்கப்பட்டவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. அநீதி இழைக்கப்பட்டவர் பேசுவதற்கு அந்நிஸா அத்தியாயம் இடமளிக்கிறது. அடிபட்ட மனைவியும், சொத்துரிமை மறுக்கப்பட்ட சகோதரியும் ஜமாஅத்திடமும் நீதிமன்றத்திடமும் போகத்தான் வேண்டும். அவர்களைக் "குடும்ப மானம்" என்று சொல்லி அடக்குவது மற்றோர் அநீதி. ஆனால் நீதி கேட்கும் முறையீடு வேறு. வேடிக்கை பார்ப்போருக்குப் பரிமாறும் பேச்சு வேறு. முன்னது தீர்வைத் தேடுகிறது. பின்னது கேட்போரைத் தேடுகிறது.

கேட்போர் யார்? நாம்தான். வாங்குவோர் இல்லையென்றால் இச்சரக்கை எவரும் விற்கமாட்டார். அரண்மனைச் சண்டையின் காணொலியை நம் கைப்பேசியில் திறந்த ஒவ்வொரு முறையும் நாமும் அச்சந்தையின் வாடிக்கையாளர்களே. துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஒருசேரத் தடுக்கிறது. புறம் பேசுவதை இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது. "உண்மையைத்தானே சொல்கிறோம்" என்பதும் சாக்காகாது. உண்மையாக இருந்தால்தான் அது புறம். பொய்யாக இருந்தால் அவதூறு என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள்.

இப்பழக்கம் அரண்மனையோடு நிற்பதில்லை. நிக்காஹ் முடிந்த மறுநாளே, "வலீமாவில் எங்களைக் கவனிக்கவில்லை", "சொன்ன நகையைப் போடவில்லை" என்னும் குரல்பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்குகின்றன. சம்பந்தியிடம் நேரில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய மனத்தாங்கல், ஐம்பது பேரின் காதுக்குப் போனபின் ஐந்தாண்டுப் பகையாகிறது. நாளிதழுக்குக் கடிதம் கொடுத்தவருக்கும் குடும்பக் குழுவில் குரல்பதிவு போடுபவருக்கும் செயலில் என்ன வேறுபாடு? வாசகர் எண்ணிக்கை ஒன்றுதான்.

உறவைத் துண்டிப்பவன் சுவனம் புகமாட்டான் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான எச்சரிக்கை. பதிலுக்குப் பதில் உறவாடுபவர் உறவைப் பேணுபவர் அல்லர். தம்மைத் துண்டித்தவரோடும் சேர்ந்து வாழ்பவரே உறவைப் பேணுபவர் என்பதும் நபிமொழியின் கருத்தே. மூன்று நாள்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்குவதற்கு நமக்கு அனுமதியில்லை. நம்முள் எத்தனை வீடுகளில் அந்த மூன்று நாள் மூன்று பெருநாள்களைக் கடந்துவிட்டது!

எனவே அடுத்த முறை ஒரு குடும்பத்தின் பிளவு நம் கைக்கு வரும்போது, அது இளவரசருடையதானாலும் அடுத்த தெருவினருடையதானாலும், நம்மோடு நிற்கட்டும். நம் சொந்த மனத்தாங்கலோ உரியவரின் வாசலுக்குப் போகட்டும். முதல் ஸலாமை நாம் சொல்வோம். உள்ளங்களை இணைப்பவன் அல்லாஹ்வே.