தேரோடும் வீதியில் அயல்நாட்டார்

தைப்பூசத்தை ஒட்டிய ஓர் இரவில், கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலையில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளித் தேர் புறப்படுகிறது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்துமலையை அது மறுநாள்தான் அடையும். கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் கொம்யூட்டர் ரயிலில் வந்து சேரும் கூட்டத்தில் இன்று அயல்நாட்டாரும் கணிசமாக உள்ளனர். தோளில் கேமராவும் முதுகில் பையுமாக நிற்கும் இவர்கள் விழாவுக்கு விருந்தினரா, வெறும் பார்வையாளரா? 1892 முதல் பத்துமலையில் நடந்துவரும் இவ்விழாவைப் பற்றிக் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது.

முதன்முறையாக வரும் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். உறுமி மேளம் நெஞ்சுக்குள் அதிர்கிறது. கற்பூர வாடையும் சாம்பிராணிப் புகையும் சூழ்கின்றன. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை அப்பாவின் தோளில் உறங்குகிறது. அருகே, நாவில் அலகு குத்தி, முதுகில் கொக்கிகள் தொங்க, ஒருவர் காவடியுடன் ஆடி வருகிறார். அயல்நாட்டவரின் கேமரா உடனே அவர்பக்கம் திரும்புகிறது. அதில் வியப்பில்லை. ஆனால், அந்தப் படத்தில் விழுவது ஒரு முகமும் ஒரு வேலும் மட்டுமே. பல நாள் விரதம் இருந்தது படத்தில் இல்லை. அந்த நாள்களில் வீட்டில் அசைவம் தவிர்த்துச் சமைத்த அம்மா இல்லை. களைத்தால் உட்கார மணையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் தம்பியும், சூடான தார்ச்சாலையில் கால் சுடாமல் தண்ணீர் ஊற்றும் அக்காவும் இல்லை. ஒரு குடும்பமே சேர்ந்து தூக்கும் காவடி, படத்தில் தனிமனிதர் ஒருவரின் துணிச்சலாகச் சுருங்கிவிடுகிறது. உலகம் முழுவதும் சுற்றுவது அந்தப் படம்தான்.

எல்லாத் தெருவிழாக்களுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்பெயின் நாட்டின் புன்யோல் என்னும் சிற்றூரில், ஆகஸ்டு மாதத்தின் கடைசிப் புதன்கிழமை, ஆயிரக்கணக்கானோர் ஒருவர்மீது ஒருவர் தக்காளியை எறிந்து விளையாடுகின்றனர். 1945இல், ஓர் ஊர்வலத்தில் இளைஞர்களிடையே மூண்ட சச்சரவில் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். அங்கே அயலவருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு பழைய சட்டை போதும். தக்காளியை நசுக்கிய பிறகே எறிய வேண்டும் என்ற விதியைத் தெரிந்துகொண்டால், ஒரு மணிநேரத்தில் அவரும் ஊர்க்காரர்தான். வந்தவர்களின் தொகை ஊர் தாங்காத அளவுக்குப் பெருகியதால், 2013 முதல் கட்டணச் சீட்டு வைத்துக் கூட்டத்தை மட்டுப்படுத்தியுள்ளனர் என்பது வேறு கதை. ஷா ஆலாமில் ஆண்டுதோறும் நடைபெறும் ஜப்பானிய போன் ஒடோரி விழாவும் எளிதில் ஏற்றுக்கொள்ளும் வகைதான். முன்னால் ஆடுபவரின் கையசைவைப் பார்த்துப் பார்த்தே பின்னால் இருப்பவர் ஆடிவிடலாம். அங்கே செல்லும் தமிழ் மாணவர்தாம் அயலவர்!

தைப்பூசம் அப்படிப்பட்டதன்று. அதன் பொருள் வீதியில் தெரிவதில்லை, வேண்டுதலில் இருக்கிறது. ஆகவேதான் கருத்து வேறுபாடு எழுகிறது. கேமராக்களைத் தடை செய்ய வேண்டும் என்கிறார்கள் சிலர். சுற்றுலாப் பயணிகள் வந்தால் நாட்டுக்கு வருமானம், ஆகவே விழாவை இன்னும் கவர்ச்சியாக்கலாம் என்கிறார்கள் வேறு சிலர். முதல் கருத்தினரின் வருத்தம் நியாயமானது. ஆனால் பொதுச்சாலையில் நடக்கும் விழாவுக்குத் திரை போட முடியாது. இரண்டாவது கருத்துதான் ஆபத்தானது. கேமராவை எண்ணிக் கட்டப்படும் காவடி ஆண்டுக்காண்டு உயரமாகும். அதைச் சுமக்கும் காரணம் பின்தள்ளப்படும். 2021இல், கோவிட்-19 காலத்தில், வழக்கமான கூட்டமும் மேளமும் இல்லாமல் மிகச் சிலருடன் தேர் பத்துமலைக்குச் சென்றது. பார்க்க வந்தவர் எவரும் இல்லை. அதற்காகத் தேர் நிற்கவில்லை.

அப்படியானால் வந்தவரை விருந்தினராக்குவது எது? பக்கத்தில் நிற்பவரின் நாலு வார்த்தைதான். ‘ஏன் இப்படிச் செய்கிறார்கள்?’ என்று ஒருவர் கேட்டால், ‘இது எங்கள் வழக்கம்’ என்று பல இளையோர் முடித்துக்கொள்கின்றனர். கேட்டவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. பார்வதி முருகனுக்கு வேல் அளித்த நாள் இது என்பதும், இரண்டு மலைகளைத் தோளில் காவிவந்த இடும்பன் கதையே காவடிக்கு மூலம் என்பதும் சொல்லத் தகுந்தவை. நாவில் குத்தும் அலகு பேச்சை நிறுத்துகிறது. பேச்சு நின்றால் மனம் வேண்டுதலில் நிற்கும் என்பது அதன் கருத்து. இதை மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் முதலில் அது தமிழில் தெரிந்திருக்க வேண்டும்.

விருந்தினருக்கும் முறை உண்டு. படமெடுக்குமுன் கண்ணாலாவது அனுமதி கேட்க வேண்டும். காவடி வரும் பாதையை மறிக்கக் கூடாது. 272 படிகளில் நடுவில் நின்று ‘செல்ஃபி’ எடுக்கக் கூடாது. இவற்றை அதட்டிச் சொல்வதைவிட, தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை மோரை நீட்டிச் சொல்வது எளிது. இலவசமாக மோரும் சோறும் வழங்கும் பந்தல்களே அயலவர் விழாவுக்குள் நுழையும் வாசல். மோரை வாங்கியவர் கேமராவைக் கீழே இறக்கியாக வேண்டும், கை இரண்டுதானே! வருத்தம் என்னவென்றால், சில பந்தல்களில் ஒலிபெருக்கி வழியே சினிமாப் பாடல் அலறுவதால், கேட்பவர் கேள்வி சொல்பவர் காதில் விழுவதில்லை. பக்கத்தில் வரும் உறுமி மேளத்திற்கே அங்கு இடமில்லை. பந்தல் நடத்தும் குழுவினர் ஒலியைத் தணித்து, இரண்டு மாணவர்களை வாசலில் நிறுத்தினால் போதும். தனிச் செலவு எதுவும் இல்லை.

அம்மாணவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ‘வலிக்காதா?’ என்பதாகவே இருக்கும். அதற்குப் புத்தகத்தில் விடை தேட வேண்டியதில்லை. காவடி எடுத்த அண்ணனோ மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ ஒருவர் இருப்பார். அவரிடம் தைப்பூசத்திற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.