வளைவு கட்டுறதுக்கு முன்னாடி ரோட்டைப் பார்ப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. பிடிக்கலைனா திட்டுங்க, ஆனா படிச்சு முடிச்சிட்டுத் திட்டுங்க.

போன ஆடி மூணாவது வெள்ளி. ராத்திரி எட்டு மணி இருக்கும். உள்ளே அம்மனுக்குத் தீபாராதனை. வெளியே நாங்க நாலு தொண்டர்கள் டார்ச் லைட்டோட கார்களைப் பார்த்துக்கிட்டு நின்னோம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கார் வரிசை. அந்த நேரம் சிம்பாங் அம்பாட் பக்கம் இருந்து ஒரு ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கிட்டு வந்துச்சு. எதிர்ல ஒரு லோரி. லோரியும் ஒதுங்க முடியல, ஆம்புலன்ஸும் நகர முடியல. ஒருத்தர் உள்ளே ஓடிப்போய் மைக்ல கார் நம்பர்களை வாசிச்சாரு. பிரசாத வரிசையில நின்னவங்க சாவியோட ஓடி வந்தாங்க. வழி கிடைக்க ஏழு நிமிஷம் ஆச்சு.

ஆம்புலன்ஸ் உள்ளே யார் இருந்தாங்க, பிழைச்சாங்களா, இன்னிக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. ஆனா அன்னிக்கு வழியை அடைச்சது அரசாங்கம் இல்ல, வீடு கட்டுற கம்பெனி இல்ல. நம்ம கார்கள்தான். அதை முதல்ல ஒத்துக்கிட்டு மேலே பேசுவோம்.

இந்த ரோடு எப்படி இருந்துச்சுனு பெரியவங்களுக்குத் தெரியும். தோட்டமா இருந்தப்போ ரெண்டு பக்கமும் செம்பனை. ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒரு மோட்டார் வந்தா, யார் வீட்டுக்குப் போகுதுனு சத்தத்தை வெச்சே சொல்லிடுவோம். 2014 மார்ச் மாசம் பினாங்கு இரண்டாவது பாலம் திறந்தாங்க. 24 கிலோமீட்டர் பாலம், அதோட கரை நம்ம பத்து காவான்ல. அப்புறம் தொழிற்பேட்டை வளர்ந்துச்சு, பண்டார் காசியா வந்துச்சு, தீவுல வீடு வாங்க முடியாதவங்க எல்லாம் இந்தப் பக்கம் வந்தாங்க. இதைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு வேலை கொடுத்தது அந்த ஃபேக்டரிகள்தான். நம்மள்ல பாதிப் பேர் குடியிருக்கிறதும் புதுத் தாமான்லதான்.

ஆனா தாமான் வந்த வேகத்துல ரோடு வரல. காலையில ஷிப்ட் மாறுற நேரம், ஃபேக்டரி பஸ்ஸும் பள்ளிக்கூட வேனும் லோரியும் மோட்டாரும் ஒரே வாய்க்குள்ள நுழையுது. ஃபேக்டரியில லைன் பார்க்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். பத்து மெஷின்ல ஒண்ணு மெதுவா ஓடினா, மத்த ஒன்பதையும் எவ்வளவு வேகமா ஓட்டினாலும் சாமான் அந்த ஒண்ணுக்கு முன்னாடிதான் குவியும். ரோட்டை முழுசா அகலப்படுத்திட்டு சந்திப்பை அப்படியே விட்டா, ஜேம் இடம் மாறுமே தவிர குறையாது.

இன்னொரு விஷயம். தாமான் கட்டும்போது போக்குவரத்து பாதிப்பு ஆய்வு பண்ணித்தான் அனுமதி கேக்குறாங்க. ஆனா நம்ம கண்ணுக்குத் தெரியிறது என்ன? ஒவ்வொரு தாமானும் தனக்குனு ஒரு வாசலைத் திறந்து இதே ரோட்டுல விடுது. பக்கத்துத் தாமானுக்குப் போக உள்வழி கிடையாது. ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கணும்னாலும் மெயின் ரோட்டுக்கு வந்துதான் ஆகணும். தோட்டக் காலத்துல ஒரு டிவிஷன்ல இருந்து அடுத்த டிவிஷனுக்கு மண்ரோடு இருந்துச்சு. சைக்கிள்லயே திருவிழாவுக்கு வந்தோம். இப்ப அந்த வழியில எல்லாம் வேலி நிக்குது. அந்தப் பழைய வழிகள்ல ரெண்டு மூணு திறந்தாலே, மெயின் ரோட்டுல வர்ற மோட்டார்ல நிறைய குறையும்.

எதிர்த் தாமான்ல இருக்கிற பாட்டியை எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள வந்து வாசல்ல கோலம் போடுவாங்களே, அவங்கதான். இப்ப வர்றதில்ல. வீட்டுக்கும் கோவிலுக்கும் இருநூறு அடி இருக்குமா? அந்த ரோட்டை அவங்களால தாண்ட முடியல. பேரன் கார்ல கூட்டிட்டு வரணும்னா தூரத்துல போய் யு-டர்ன் அடிச்சு வரணும், இருபது நிமிஷம். போய்ப் பார்த்தோம். "சன்னல்ல இருந்து கோபுரம் தெரியுதுய்யா, அது போதும்"னு சொன்னாங்க. போதாதுனு அவங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சரி, இப்ப கசப்பான விஷயத்துக்கு வர்றோம்.

ரோட்டை அகலப்படுத்துங்கனு நாம கேக்குறோம். ஆனா நம்ம முன்பக்கச் சுவரும் செருப்பு வைக்கிற கொட்டகையும் ரோடு ரிசர்வ் நிலத்துல நிக்குது. சர்வேயர் வந்து அடிச்ச சிவப்புக் குச்சி நம்ம சுவருக்கு உள்ளே ஒன்பது அடி தள்ளி இருக்கு. நிர்வாகத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுறதில்ல. இப்ப புது நுழைவாயில் வளைவுக்கு நிதி சேர்க்கிறோம். அந்த வளைவு வரப்போற இடமும் அதே ஒன்பது அடிக்குள்ளதான்.

எங்க கருத்தை வெளிப்படையாவே சொல்லிடுறோம். அந்த இடத்துல வளைவு கட்டக் கூடாது. சுவரை நாமே உள்ளே தள்ளிக் கட்டணும். யாரும் நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி நாமே செய்யணும்.

"சுவரை விட்டுக்கொடுத்தா நாளைக்குக் கோவிலையே கேப்பாங்க"னு சிலர் சொல்றாங்க. அந்தப் பயம் நியாயமான பயம். தோட்டம் வித்த பிறகு இடம் மாறின கோவில்களை நாம எத்தனை பார்த்திருக்கோம். ஆனா யோசிச்சுப் பாருங்க. கருவறையும் மண்டபமும் ரிசர்வ்ல இல்ல. நமக்கு இருக்கிற சிக்கல் கிராண்ட் இல்லாததுதான். நிலத்தை எடுத்தா இழப்பீடு கொடுக்கச் சட்டம் இருக்கு, 1960-லேயே போட்ட சட்டம். ஆனா கிராண்ட் இல்லாதவங்க நிலத்துக்கு இழப்பீடு கேட்டு எந்தக் கையை நீட்டுறது? நம்மளோடது இல்லாத ஒன்பது அடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நம்மளோட இடத்துக்கு கிராண்ட் கேக்கும்போது நம்ம பேச்சு எடுபடாது. சுவரைத் தள்ளின அன்னிக்கே படம் எடுத்து, கிராண்ட் மனுவோட சேர்த்துக் கொடுப்போம்.

வளைவுக்குப் பணம் கொடுத்த உபயக்காரர்கள் வருத்தப்படுவாங்க. அவங்ககிட்ட நேர்ல போய்ப் பேசுவோம். விரும்பினவங்க பணம் சுவருக்குப் போகட்டும், வேண்டாம்னு சொல்றவங்களுக்கு ரசீதைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். வளைவு பின்னாடி வரட்டும், குச்சிக்கு உள்பக்கமா.

அடுத்தது பார்க்கிங். வெள்ளிக்கிழமையும் விசேஷ நாள்லயும் ரோட்டோரம் ஒரு கார்கூட நிக்கக் கூடாது. காலி இடம் வெச்சிருக்கிறவங்ககிட்ட அனுமதி கேட்டு, அங்க விட்டுட்டு நடந்து வருவோம். வயசானவங்களை வாசல்ல இறக்கிவிட மட்டும் ஒரு இடம். பத்துமலைக்குப் படி ஏறுறோம், காவடி தூக்குறோம். அஞ்சு நிமிஷம் நடக்க முடியாதா?

மூணாவது, கூட்டா கேக்குறது. கூட்டரசு சாலை பொதுப்பணித் துறையோடது, தாமான் உள்ரோடு மாநகர் மன்றத்தோடது. எந்த ரோடு யாரோடதுனு பார்த்துத்தான் மனு போடணும். 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வெச்சு ஆட்சேபம் கேக்கணும். அடுத்த தடவை வரைவு வைக்கும்போது நம்ம ஆளுங்க பத்துப் பேராவது போய்ப் பார்த்து, எழுதிக் கொடுக்கணும். நாம கேக்க வேண்டியது மூணு: சந்திப்புல சமிக்ஞை விளக்கு, பாதசாரிகள் தாண்ட வழி, தாமானுக்குத் தாமான் உள்வழி. சூராவ் காரங்களும் சீனக் கோவில்காரங்களும் இதே ஜேம்லதான் நிக்குறாங்க. அவங்க கையெழுத்தும் சேர்ந்தா மனுவுக்குக் கனம் கூடும்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல பேசுவோம். எதிர்க்கருத்து உள்ளவங்க கட்டாயம் வாங்க. வரும்போது காரை ரோட்டுல விடாம வாங்க.

அந்தப் பாட்டி மறுபடியும் நடந்து வந்து நம்ம வாசல்ல கோலம் போடணும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அம்மன் துணை.
கோவில் தொண்டர்கள்