பால்கனி மறைப்புக்கு எந்தக் கொடி? பூவைப் பார்த்து வாங்காதீங்க!

அபார்ட்மென்ட்டில் பால்கனி என்பது பெயருக்குத்தான் நம்முடையது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். துணி காயப்போடக் கூச்சம், லேப்டாப்போடு உட்காரவும் கூச்சம். பலர் பச்சை வலையைக் கட்டி விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். கொடி வளர்ப்பதுதான் அதைவிட நல்ல வழி. ஆனால், நர்சரியில் நாம் கேட்கும் முதல் கேள்வியே தப்பு: “எது சீக்கிரம் வளரும்?”

வேகம் மட்டும் போதாது

கொடிக்கு நம் மறைப்பைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு வெளிச்சம் வேணும். அதனால் விறுவிறுவென்று உச்சிக்கு ஓடி அங்கேதான் புதராகும். கீழே வெறும் தண்டு நிற்கும். மறைப்பு தேவைப்படும் கண் மட்டத்தில் பெரிய ஓட்டை! இதற்கு மருந்து உரம் இல்லை, நுனி கிள்ளுவது. கொடி இரண்டடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்து அடியிலிருந்தே அடர்த்தியாகும்.

பிரச்சினை என்னன்னா, அழகுக்கு வாங்கிய கொடியை யாரும் வாராவாரம் கிள்ளுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: தினமும் பறிக்க ஏதாவது தரும் கொடியை வையுங்க. கொடிப்பசலையைக் கூட்டுக்குப் பறிப்பதே கிள்ளுவதுதான். கோவைக்காய் பறிக்கப் போகிறவர் காய்ந்த இலையையும் எடுத்துவிடுவார்.

உங்க பால்கனிக்கு எது?

நல்ல வெயில் விழுந்தால் கோவை, சங்குப்பூ, ரங்கூன் மல்லி. சங்குப்பூ விதையிலிருந்தே சுலபமாக வரும். ரங்கூன் மல்லி வெள்ளையாகப் பூத்து, இளஞ்சிவப்பாகி, சிவப்பாக மாறும்; இரவில் மணக்கும். ஆனால் தண்டு கட்டையாகிக் கனக்கும், பெரிய தொட்டியும் உறுதியான சட்டமும் தேவை. பாதி நிழல் என்றால் கொடிப்பசலை. வெயிலே இல்லையென்றால் மணி பிளான்ட்தான். அதன் இலையைக் கடித்தால் வாய் எரியும், குழந்தையும் நாய், பூனையும் இருக்கும் வீட்டில் கவனம். செங்காந்தள் வேண்டாம். செடி முழுக்க விஷம், தவிர கொஞ்ச மாதம் கிழங்கோடு மண்ணுக்குள் ஒடுங்கிவிடும்.

ஏறும் விதம் முக்கியம்

முல்லைக்குப் பாரி தேரையே கொடுத்தான். நாம் கொடுப்பது ஒரு பிளாஸ்டிக் கயிறு! சங்குப்பூ தண்டால் சுற்றி ஏறும், மெல்லிய கம்பி போதும். கோவை பற்றுக்கம்பியால் பிடிக்கும், வலை வேணும். காகிதப்பூ தானாகப் பிடிக்காது, நாம்தான் கட்டிவிடணும். சுவரில் வேர்விட்டு ஒட்டும் கொடிகள் வாடகை வீட்டுக்கு ஆகாது. பிய்த்து எடுக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும், அட்வான்ஸில் கை வைப்பார்கள்.

இன்னொன்று, அடர்ந்த கொடி காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னை மரங்களை என்ன செய்தது என்பது ஞாபகம் இருக்கும். சட்டத்தைச் சுவரில் திருகி, ஐப்பசி மழைக்கு முன்பே கொடியைக் கழித்துவிடுங்க. கம்பிக்கு வெளியே தொட்டி தொங்கவிடவே வேண்டாம். கீழே நடக்கிறவர் தலையும் முக்கியம்.

பச்சை வலை ஒரே நாளில் மறைக்கும். கொடிக்குச் சில மாதம் ஆகும். அதுவரை ஒரு பழைய புடவையைக் கட்டிக்கொள்ளுங்க. பிறகு மறைப்பும் கிடைக்கும், வாரம் ஒரு பொரியலும் கிடைக்கும்.