கண்ணாடி மூலையில் ஒரு புள்ளி

கல்லடியில் என் அயல்வீட்டில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் நிற்கின்றது. 1959ஆம் ஆண்டு செய்யப்பட்டதென்று அதன் பதிவுப் புத்தகம் கூறும். வீட்டுக்காரர் காலமான பின்பு, கூரையைச் செப்பனிடவும் பேத்தியின் படிப்புச் செலவுக்குமாக அதனை விற்றுவிட அவருடைய துணைவியார் எண்ணினார். விலை பேச வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கதவுக் கண்ணாடிகளின் மூலைகளைக் குனிந்து நோக்கினார். “இடப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி 1956ஆம் ஆண்டுக்குரியது. இஃது இரண்டு வண்டிகளை இணைத்துச் செய்த வண்டி” என்று சொல்லி, பேசிய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். மூதாட்டியார் மனங்கலங்கி என்னை அழைப்பித்தார். “தம்பி, நீங்க படிப்பிக்கிறவர். அந்தக் கண்ணாடியில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்க” என்றார்.

வாசக அன்பர்களே! நம் வாவிக்கரையில் ஒரு பழைய வண்டியின் வரலாற்றை அறிவது எளிதன்று. உவர்க்காற்று இரும்பைத் தின்றுவிடுகின்றது. கடதாசியைக் கறையான் அரித்துவிடுகின்றது. புதிய வர்ணம் பழைய நிறத்தை மூடிவிடுகின்றது. கண்ணாடியில் பொறித்த எழுத்தோ அறுபது ஆண்டு கழிந்தும் அழியாதிருக்கின்றது. ஆயினும் அதனைப் படிக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய கார்கள் பலவற்றின் கண்ணாடி மூலையில் ‘ட்ரிப்ளெக்ஸ்’ என்னும் பெயரைக் காணலாம். எடுவார் பெனெடிக்டஸ் என்னும் பிரெஞ்சு நாட்டவரின் ஆய்வுகூடத்தில் 1903ஆம் ஆண்டு ஒரு குடுவை கீழே விழுந்ததாம். அது கீறல் விட்டதேயன்றிச் சிதறவில்லை. உள்ளே உலர்ந்து படிந்திருந்த செலுலாயிட் போன்ற பொருள் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. இரு கண்ணாடிகளின் நடுவே ஒரு படலம் வைத்துச் செய்யும் பாதுகாப்புக் கண்ணாடி இவ்வாறு பிறந்தது. 1909இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1912இல் இங்கிலாந்தில் ட்ரிப்ளெக்ஸ் கம்பனி தோன்றியது. மூவடுக்கு என்பதே அப்பெயரின் பொருள். பின்னாளில் அக்கம்பனி ஒற்றை அடுக்குக் கண்ணாடியையும் செய்து, அதன்மீதும் அதே பெயரைப் பொறித்தது. இவ்வொற்றைக் கண்ணாடியைக் கடுஞ்சூட்டில் காய்ச்சி, காற்றை வீசித் திடீரெனக் குளிர்விப்பர். அதன்பின் அதனை அறுக்க இயலாது. அறுக்க முயன்றால் முழுவதும் சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். அதன்மீது ‘ரஃபெண்ட்’, அதாவது உறுதியாக்கப்பட்டது, என்ற ஆங்கிலச் சொல் இருக்கும்.

இனிப் புள்ளியைக் காண்போம். ரஃபெண்ட் என்ற சொல்லில் ஒன்பது எழுத்துகள் உள்ளன: ரீ, ஓ, யூ, ஜீ, எச், ஈ, என், ஈ, டீ. இவற்றுள் எந்த எழுத்தருகே சிறு புள்ளி இருக்கின்றதோ, அவ்வெழுத்தின் வரிசை எண்ணே ஆண்டின் கடைசி இலக்கம். முதலெழுத்தாகிய ரீ ஒன்று; கடைசியாகிய டீ ஒன்பது. புள்ளியே இல்லையெனின் சுழியம். மூவடுக்குக் கண்ணாடியின் ‘லமினேற்றட்’ என்ற சொல்லுக்கும் ஒன்பது எழுத்துகளே. அதற்கும் இதுவே விதி. ட்ரிப்ளெக்ஸ் என்ற பெயரோடு சேர்ந்து வரும் புள்ளி, ஆண்டின் எந்தக் காலாண்டு என்பதைக் குறிக்கும்.

ஒரு மாணவனையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் உடன் கொண்டு சென்றேன். மூன்று கதவுகளில் டீ என்னும் எழுத்தருகே புள்ளி இருந்தது. ஒன்பது, அதாவது 1959. வழக்கிலிருந்த கண்ணாடியில் புள்ளி ஈ என்னும் எழுத்தருகே இருந்தது. ஆனால் அச்சொல்லில் ஈ இருமுறை வருகின்றதன்றோ? வந்தவர் அதனை ஆறாம் எழுத்தென்று கொண்டுவிட்டார். உண்மையில் அஃது எட்டாம் எழுத்து. “அப்படியானால் 1958, சேர்!” என்றான் மாணவன். அவனும் அவசரப்பட்டுவிட்டான். புள்ளி கடைசி இலக்கத்தை மட்டுமே சொல்லும், பத்தாண்டைச் சொல்லாது. 1958, 1968, 1978 ஆகிய மூன்றுக்கும் குறி ஒன்றே.

பத்தாண்டை வேறு சான்றுகளால் துணிதல் வேண்டும். மொரிஸ் மைனரின் முன்கண்ணாடி இரு துண்டாயின் வண்டி 1956க்கு முந்திய அமைப்பு. ஒரே துண்டாயின் அவ்வாண்டிலோ அதன் பின்னரோ வந்தது. வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும், அருகே 43 என்ற விதி எண்ணும் காணப்படின், அக்கண்ணாடி 1981க்கு முந்தியதாகாது.

இங்கு அவை உதவவில்லை. பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். அதன் உறைக்குள் மடித்த ஒரு பற்றுச்சீட்டு: கொழும்புக் கடையொன்றில் 1979 பெப்ரவரியில் வாங்கிய பின் இடக்கதவுக் கண்ணாடி ஒன்று. உரக்கப் படித்ததும் மூதாட்டியார் நிமிர்ந்தார். “அது சூறாவளியில தென்னோலை விழுந்து உடைஞ்சது. வந்தவர் விபத்தா எண்டு கேட்டவர். சூறாவளியா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல.”

1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பை அழித்த சூறாவளியை முதியோர் எவரும் மறந்திலர். அக்கண்ணாடி 1978இல் செய்யப்பட்டதென்று கொள்வதே பொருத்தம். வந்தவருக்குப் பற்றுச்சீட்டைக் காட்டினோம். அவர் எழுத்துகளை மீண்டும் எண்ணிப் பார்த்தார். குறைத்த தொகையில் பெரும்பகுதியைத் திரும்பச் சேர்த்தார்.

2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025இலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடையில் பழைய வண்டிகளின் விலை உயர்ந்தது. அவற்றைப்பற்றிய பொய்யும் பெருகியது. ஆதலின் வாங்குவோரும் விற்போரும் எல்லாக் கண்ணாடிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. வண்டியின் ஆண்டுக்குச் சற்று முந்திய கண்ணாடி இயல்பே. பிந்தியதாயின், மாற்றப்பட்டதென்பது மட்டும் உறுதி. ஏன் மாற்றினர் என்பதைக் கண்ணாடி சொல்லாது. பழைய முத்திரையைப் புதிய கண்ணாடியில் பொறித்து விற்போரும் உளர்.

மாணவர்களே, புள்ளியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படித்தபின், வீட்டிலுள்ள முதியவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய பற்றுச்சீட்டுகளைக் குப்பையில் எறியாதீர்கள்.