எதிர்ப்பொருளின் சாட்சியம்

போடிமெட்டைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் ஏலத்தோட்டங்களைப் பார்வையிடும் களப்பணியாளருக்குக் கட்டே நோய் புதிதன்று. இளந்தளிரில் வெளிர்பச்சைக் கோடுகள் தோன்றும். தேமல் இலை முழுதும் படரும். தூர் ஆண்டுக்காண்டு சிறுத்துப்போகும். இந்நோயின் வைரஸை அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி எடுத்துச் செல்கிறது. நோயுற்ற தூரிலிருந்து பிரித்து நடப்படும் கன்றோ அதனைத் தோட்டத்திற்குத் தோட்டம் எடுத்துச் செல்கிறது. குணப்படுத்தும் மருந்து இல்லையாதலின், கண்டவுடன் வேரோடு களைந்து அழிப்பதே வழி. நட்ட மூன்றாம் ஆண்டளவில்தான் பலன் தரத் தொடங்கும் செடியைப் பிடுங்கிவிடுமாறு விவசாயியிடம் கூறுவது எளிய காரியமன்று. நோய் வெளித்தோன்றாத கன்றை நல்லதென்று கூறி நடச் செய்வது அதனினும் பெரிய பொறுப்பாகும். இந்நிலையில் கண்ணுக்குப் புலப்படாததைக் கூறவல்ல சாட்சி ஒன்று தேவைப்படுகிறது. அச்சாட்சியே எதிர்ப்பொருள்.

அந்நியப் புரதம் ஒன்றை முயலின் உடலிற் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் பல அதன் இரத்தத்தில் தோன்றுகின்றன. செடிச்சாற்றிலிருந்து பிரித்தெடுத்த வைரஸைச் செலுத்தும்போது, உடன் ஒட்டிவந்த செடிப் புரதங்களுக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகிவிடுதல் கூடும். அத்தகைய சீரம் நோயற்ற இலையையும் நோயுற்றது என்று கூறிவிடும். இக்குறையை நீக்கப் பலர் முயன்றுள்ளனர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் ஏல வைரஸின் உறைப்புரதத்தைப் பாக்டீரியாவிலேயே உண்டாக்கிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. செடிச்சாறே கலவாத புரதம் கிடைக்க இது ஒரு நல்ல மார்க்கம். மற்றொரு மார்க்கத்தைக் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல் கண்டனர். எதிர்ப்பொருள் சுரக்கும் அணுவைப் புற்றணுவோடு இணைத்து, அவ்வொரே அணுவின் கால்வழியைப் பெருக்கினர். அக்கால்வழி முழுதும் ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்தது. இதுவே மானோகுளோனல் எதிர்ப்பொருள் எனப்படுவது. 1984-இல் இதற்கு நோபல் பரிசு கிட்டிற்று.

அன்று முதல் 'மானோகுளோனல்' என்ற சொல்லே நம்பகத்துக்கு முத்திரையாயிற்று. இம்முத்திரையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே கேள்வி.

ஜீனிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ. இழையில் வேண்டாத துண்டுகளை நீக்கி, வேண்டியவற்றை ஒட்டும் செயல் உயிரணுவில் நிகழ்கிறது. 1977-இல் ஷார்ப், ராபர்ட்ஸ் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் இதனைத் தனித்தனியே வெளிப்படுத்தின. இச்செயலில் ஈடுபடும் புரதங்களை ஆராய ஃபூ, மேனியாடிஸ் என்னும் இருவர் 1990-இல் ஒரு மானோகுளோனல் எதிர்ப்பொருளை வெளியிட்டனர். அது எஸ்.சி.35 என்னும், சுமார் 35,000 டால்டன் எடையுள்ள புரதத்தைப் பற்றுவதாகக் கொள்ளப்பட்டது. உட்கருவிற் புள்ளிபுள்ளியாக ஒளிரும் பகுதிகளை அது அழகாகக் காட்டிற்று. உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதனை வாங்கிப் பயன்படுத்தின. முப்பது ஆண்டுகள் கடந்தபின், 2020-இல், பெர்லினிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் வேறொன்றைக் கண்டனர். அவ்வெதிர்ப்பொருள் முதன்மையாகப் பற்றுவது எஸ்.ஆர்.ஆர்.எம்.2 என்னும், ஏறக்குறைய 3,00,000 டால்டன் எடையுள்ள வேறொரு புரதத்தையே! அப்புரதத்தின் ஜீனை இடையில் முறித்து, புரதத்தைப் படிப்படியாகக் குறுக்கியபோது, எதிர்ப்பொருள் காட்டிய அடையாளமும் அதற்கேற்பக் குறுகிற்று. இதற்குமேல் ஐயத்திற்கு இடமேது?

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த எதிர்ப்பொருள் தூயதுதான். ஒரே கால்வழியில் வந்ததுதான். தவறியது அதன்மேல் ஒட்டப்பட்ட பெயர்ச்சீட்டு. புட்டி எத்தனை தூய்மையாயினும் சீட்டு பிழையாக இருத்தல் கூடும். இரு புரதங்களும் உட்கருவின் அதே புள்ளிகளில் உறைபவை. ஆதலின் புள்ளிகளைக் காட்டிய படங்கள் பொய்யாகவில்லை. எஸ்.சி.35 புரதத்தின் நிலையையோ அளவையோ அவ்வெதிர்ப்பொருளை மட்டும் நம்பிக் கூறியவர்களின் முடிவுகளே மறு ஆய்வை வேண்டி நிற்கின்றன.

ஏலக்காட்டில் இத்தகைய பிழைக்கு முப்பது ஆண்டு அவகாசம் கிடையாது. பிழை ஒரு பக்கம் சாய்ந்தால் நல்ல தூர் பிடுங்கப்படும். மறுபக்கம் சாய்ந்தால் நோயுற்ற கன்று அடுத்த சரிவுக்குப் போகும். ஆகவே சோதனைக்குச் சந்தேகத்துக்குரிய இலையை மட்டும் அனுப்பும் பழக்கம் நிறுத்தப்படுதல் வேண்டும். அதே வகை ஏலத்தின் நோயற்ற இலை ஒன்றும், நோய் ஐயமறத் தெரிந்த இலை ஒன்றும் ஒவ்வொரு முறையும் உடன் செல்லுதல் வேண்டும். நோயற்ற இலையிலும் நிறம் தோன்றுமானால் அன்றைய சோதனை முழுவதையும் தள்ளிவிட வேண்டியதே. செலவு கூடும் என்பர். கூடத்தான் செய்யும், ஒரு தோட்டத்தைப் பிடுங்கி மீண்டும் நடும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம். புதிய சீரப் புட்டி வந்ததும், பழையதோடு ஒரே இலையில் ஒப்பிட்டுப் பார்த்து ஏட்டில் எழுதி வைப்பதும் இன்றியமையாதது. இது மயிலாடும்பாறையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் போன்ற பெரிய இடங்களுக்கு மட்டும் உரிய வேலை என ஒதுக்குதல் தகாது.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. எதிர்ப்பொருளைப் பூட்டுக்கேற்ற சாவி எனப் பாடநூல்கள் கூறுகின்றன, உவமை நன்றே. ஒரு சாவி இரண்டு பூட்டுகளைத் திறக்கும் வீடுகளும் உண்டென்பது மாணவருக்கு அநுபவத்திலேயே தெரியும். எஸ்.சி.35 வரலாற்றை அவர்களுக்குக் கூறிய பின், ஐயமறத் தெரிந்த நோயிலை ஒன்றையும் நல்லிலை ஒன்றையும் அருகருகே வைத்து, இவ்விரண்டும் இன்றிச் சோதனையின் விடையை எவ்வாறு படிப்பது என்று கேட்டு, விடையை அவர்களையே எழுதச் செய்யலாம்.