கொங்கு நாட்டின் தண்ணீர்ப் பானை
மலை உச்சியில் ஓர் ஏரி! புல் அழிந்தால் பவானி என்ன ஆகும்?

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் ஈரோட்டு விவசாயி நாற்று விடுவார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

அதில் ஒரு பங்கு நீலகிரி உச்சியில் பிறக்கிறது. அங்கே 7 ஆயிரம் அடிக்கும் மேலே ஓர் ஏரி இருக்கிறது. அதன் பெயர் அப்பர் பவானி. அதாவது, மேல் பவானி.

இது இயற்கை ஏரி அல்ல. கனடா நாட்டின் உதவியோடு 1950-களில் தொடங்கிய குந்தா மின்சாரத் திட்டத்துக்காக, அணை கட்டித் தேக்கிய ஏரி. இதன் நீர் மலையில் இறங்கி, வழியெல்லாம் மின்சாரம் தந்துவிட்டு, பில்லூர் வழியாகப் பவானிசாகரை அடைகிறது. 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணை, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருகிறது.

புல் செய்யும் வேலை

ஏரியை ஒட்டி முக்கூர்த்தி தேசியப் பூங்கா. 78 சதுர கிலோமீட்டர் பரப்பில் புல்வெளியும் சோலையும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு மேயும் இடம் இது.

பக்கத்தில் உள்ள அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8-ந் தேதி, ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது! மழைக்காலம் சில மாதம்தான். ஆனால், ஓடைகள் கோடையிலும் ஓடுகின்றன. காரணம் என்ன? புல்லும் சோலை மண்ணும் நீரைக் குடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன.

வந்தது வினை

தோல் பதனிடப் பட்டை தேவை என்று, ஆஸ்திரேலியாவின் சீகை மரத்தை அரசாங்கமே இங்கு நட்டது. இன்று அது தானாகவே பரவுகிறது. அதன் நிழலில் புல் சாகிறது.

2022 டிசம்பரில் தமிழக அரசு 25 கோடி ரூபாயில் வரையாடு திட்டத்தை அறிவித்தது. அப்பர் பவானியில் புல்வெளியை மீட்கும் சோதனையும் அதில் ஒன்று. மரத்தை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். முளைக்க முளைக்கப் பிடுங்க வேண்டும். ஓர் ஆண்டு வேலை அல்ல, ஒரு தலைமுறை வேலை!

ஏரியைப் பார்க்க வனத்துறை அனுமதி வேண்டும். 'இவ்வளவு கெடுபிடி ஏன்?' என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு மூடி போடுவதில்லையா? இதுவும் அப்படித்தான்.